செல்லாயி மண் தின்கிறாள் என்று எழுதிய மகனுக்கு

தம்பி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. என் அறைக்கு முன்னால் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாதான் தபால்காரனிடம் வாங்கி வைத்திருந்து கொடுத்தார். "மகன் கடிதம்தானே, நல்ல சேதியா?" என்று கேட்டார். அங்கேயே நின்று வாசித்து முடித்து, "நல்ல சேதிதான் நானா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். இன்றைக்கு வியாழக்கிழமை. இரண்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது என்றெல்லாம் காரணம் சொல்லலாம். உண்மை அதுவல்ல. இதை எழுதினால் நீ என்னோடு பேசுவதையே நிறுத்திவிடுவாய் என்ற பயம். வயதாக ஆக மற்றப் பயமெல்லாம் அலுத்துப்போய்விட்டது, இது ஒன்று மட்டும் அலுக்கவில்லை. ஆனால் நான் எழுதாமல் இருந்தால் நீ ஞாயிற்றுக்கிழமை செய்யப்போவது அதைவிட மோசமானது. ஆகையால் எழுதுகிறேன்.

உன் பெண்டாட்டி செல்லாயி மண் தின்கிறாள் என்று எழுதியிருக்கிறாய். அடுப்பு மேட்டை நகத்தால் சுரண்டி வாயில் போடுகிறாள், உடைந்த ஓட்டுத் துண்டை மடியில் முடிந்து வைத்திருக்கிறாள், ரோட்டு வெட்டின மண்சுவர் ஓரமாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதை நீயே பார்த்தாய். பீலிக் குழாயடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வருவதற்குள் மூன்று இடத்தில் உட்காருகிறாள், பகலில் படுத்துவிடுகிறாள், முகம் ஊதி வெளுத்திருக்கிறது. கோடாங்கியைக் கூப்பிட்டாய். அவன் உடுக்கை அடித்து, ஆற்றுப் பள்ளத்துப் பேய் என்று சொல்லிக் கறுப்புச் சேவல் கேட்டான், கொடுத்தாய். மறுநாளும் தின்றாள். இனிமேல் தாங்காது, ஞாயிற்றுக்கிழமை வெலிமடைப் பக்கத்தில் அவள் தாய்வீட்டுத் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடப்போகிறாய், திரும்பக் கூப்பிடப்போவதில்லை. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: 'கணக்கப்பிள்ளை வீட்டிலேயே இப்படி ஒருத்தி இருந்தால் ஆட்கள் என்னை எப்படி மதிப்பார்கள்?' மூன்று பக்கக் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி அதுதான். ஏனென்றால் அது நான் பேசின பேச்சு. கணக்கப்பிள்ளை என்ற இடத்தில் கங்காணி என்று போட்டால் அச்சு அசல் என்னுடையது.

என் கதையெல்லாம் பின்னால் வருகிறது. அதற்குள் கோபம் வந்து நீ இதைக் கிழித்துப் போட்டாலும் போடுவாய், உன் சுபாவம் எனக்குத் தெரியாதா, என்னுடையதுதானே அது. அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செல்லாயிக்குப் பிடித்திருப்பது பேய் இல்லை. அவள் சோம்பேறியும் இல்லை. அவள் வயிற்றில் புழு இருக்கிறது. கொக்கிப்புழு. அதற்கு மருந்து இருக்கிறது, பதுளை ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள். மருந்து கொடுத்தால் பிழைப்பாள். தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டால், அங்கேயும் ஒரு கோடாங்கி வருவான், அங்கேயும் ஒரு சேவல் போகும், மாசிக்குள் அவள் போய்விடுவாள். நான் மிகைப்படுத்தி எழுதுகிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

இந்தப் புழு நடந்துகொள்கிற விதம் இருக்கிறதே, தோட்டத்தில் டிஸ்பென்சராக மருந்து கொடுத்துக்கொண்டிருந்த ஐயா அதை எனக்குச் சொன்னபோது கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். நாம் தின்பதனால்தான் புழு வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவன் நான். அவர் சொன்னார், அது வாய் வழியாக வருவதில்லை, கால் வழியாக வருகிறது என்று. லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் கான் வாய்க்கால் ஓரம் எல்லாரும் போய் ஒதுங்குகிற ஈர மண்ணில் கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக அது காத்திருக்கும். வெறுங்கால் பட்டதும் விரலிடுக்கில் துளைத்து உள்ளே போகும். மழைக்காலத்தில் பெண்பிள்ளைகள் கால்விரலைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறார்களே, அதுதான் அது நுழைந்த வாசல். அங்கிருந்து இரத்தத்தோடு ஏறி நெஞ்சுக்குப் போகிறது. நெஞ்சில் இருமலாக வந்து தொண்டைக்கு ஏறுகிறது. நாம் எச்சில் விழுங்குகிறபோது தானும் கூட விழுந்து வயிற்றுக்குப் போய், குடலைப் பல்லால் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் இரத்தம் குடிக்கிறது. இவ்வளவு தூரம் வழி தெரிந்து நடக்கிற ஜந்துவுக்குக் கண் கிடையாதாம். இரத்தம் குறையக் குறைய மனுஷிக்குச் சோற்றின்மேல் ஆசை போய் மண்ணின்மேல் ஆசை வருகிறது. "அவுங்களாத் திங்கல கங்காணி, உள்ள உக்காந்திருக்கிறது திங்க வைக்குது" என்றார் ஐயா. நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு அதைக் கேட்டதும் நினைவுக்கு வந்தது ஒரு மீன். கல்யாணமான புதிதில் நானும் உன் அம்மாவும் இந்தச் சீமைக்கு வருவதற்காகத் தூத்துக்குடிக் கரையில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தோம். திருச்சிப் பக்கத்து வறண்ட காட்டில் பிறந்த எங்களுக்குக் கடலைப் பார்ப்பதே அதுதான் முதல் தடவை. வலைக்காரர் ஒருவர் மீனைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாயைப் பிளந்த முகத்தைப் பார்த்து அவருக்கு விளையாட்டு. ஒரு மீனை எடுத்து அதன் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு பூச்சி, மரவட்டையைக் குட்டையாக்கினது மாதிரி, இரண்டு கறுப்புக் கண்ணோடு எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "குட்டியா இருக்கையிலே செவுள் வழியா உள்ள போயிரும். மீனோட நாக்குல இருந்து ரத்தத்தக் குடிச்சுக் குடிச்சு அந்த நாக்கு வத்தி விழுந்துரும். அப்புறம் இதுவே நாக்காட்டம் உக்காந்துக்கும். மீனும் சாகாது, இதும் போகாது" என்றார். நான் அருவருத்துத் துப்பினேன். உன் அம்மா குனிந்து நன்றாகப் பார்த்தாள். பிறகு அவரிடம், "தன்னோட நாக்கு போயிருச்சின்னு அந்த மீனுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, தெரியாது தாயி என்றார். கப்பல் ஏறும்வரை அவள் மீன் வாங்கவிடவில்லை. உன் அம்மா அப்படித்தான், எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற இடத்தில் அவள் குனிந்து ஒரு கேள்வி கேட்பாள்.

தோட்டத்துக்கு வந்து ஏழெட்டு வருஷத்தில் நான் சில்லறைக் கங்காணி ஆனேன். என் கீழே இருபது இருபத்தைந்து பேர். பெரிய கங்காணிக்கு முன்னால் கைகட்டி நின்று, துரைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி, என் ஆட்களுக்கு முன்னால் மட்டும் குரலை உயர்த்துகிற உத்தியோகம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் நின்றதும் என் வாயிலிருந்து என்ன வந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். சோம்பேறி, கழுதை, தின்னுட்டுத் தூங்குறியா, இன்னிக்கு அரைப்பேர்தான், அரைநாள் கூலிதான். அதெல்லாம் என் அப்பா பேசின பேச்சு இல்லை, ஊரில் நான் பேசின பேச்சும் இல்லை. துரை பெரிய கங்காணியைத் திட்டுவார், அவர் என்னைத் திட்டுவார், அதே சொல் என் வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்கும் தெரியவில்லை தம்பி. அந்தக் கரையில் துப்பினேனே, அந்த மீனைவிட நான் எந்த விதத்திலும் உசத்தி இல்லை.

உன் அம்மா என் ஆட்களிலேயே வேகமாகக் கொழுந்து எடுத்தவள். நீ பிறந்து நாலைந்து வருஷம்வரைக்கும் அவள் கூடைக்குப் பக்கத்தில் நிற்க ஆள் கிடையாது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கினாள். மலை ஏறினால் மூச்சு வாங்கும், நடுவில் கூடையை இறக்கி வைத்துச் செடிக்குள் உட்கார்ந்துவிடுவாள். மற்றவர்கள் பின்தங்கினால் அரைப்பேர் போடுகிறவன் பெண்டாட்டிக்கு மட்டும் முழுப்பேர் போட்டால் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "கங்காணி வீட்டுக் கொழுந்துக்கு எட கூடுதலாக்கும்" என்று ஒருத்தி சிரித்தது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்குத்தான் முதலில் அரைப்பேர் போட்டேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொல்லிப் போட்டேன். நியாயமான கங்காணி என்று பேரெடுத்தேன். அவள் ஒரு நாள்கூட வீட்டுக்கு வந்து அதைக் கேட்டதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொள்வாள், அவ்வளவுதான்.

அடுப்பு மண்ணை அவள் தின்பதை நான் பார்த்தது ஒரு மழைக்கால மத்தியானத்தில். குடையை மறந்துவிட்டேன் என்று வீட்டுக்கு, நம் லயத்துக் காம்பராவுக்கு வந்தேன். பிள்ளை உண்டானவர்கள் மண்ணுக்கு ஆசைப்படுவது தெரிந்ததுதான், அதனால் முதலில் எனக்குச் சந்தோஷம்கூட. கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வாயைச் சுற்றி மண், கண்ணில் தண்ணீர். "எனக்கே பிடிக்கலைங்க. கை தானாப் போகுது" என்றாள். அப்போது நான் செய்ததை எழுதுகிறேன், கேள். அடிக்கவில்லை. அடிக்காத நல்ல புருஷன் அல்லவா நான். வேப்பெண்ணெய் வாங்கி வந்து அடுப்பு முழுக்கப் பூசினேன், சுவரில் அவள் கை எட்டுகிற உயரம்வரைக்கும் பூசினேன். சின்னப் பிள்ளைக்கு விரல் சூப்பும் பழக்கத்தை நிறுத்தச் செய்வோமே, அப்படி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வேப்பெண்ணெய் பூசின இடத்திலேயே சுரண்டல். அந்தக் கசப்போடு தின்றிருக்கிறாள். அதைப் பார்த்தபோது எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

அடுத்த வருஷம்தான் புழு டாக்டர் வந்தார். வெளியூரிலிருந்து வந்து தேயிலை ஸ்டோர் தாழ்வாரத்தில் மேசை போட்டு, பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். டிஸ்பென்சர் ஐயா வீட்டுக்கு வீடு சின்னத் தகர டப்பா கொடுத்தார், ஆளுக்கு ஒன்று. அவரவர் மலத்தில் கொஞ்சம் அதில் போட்டுக் காலையில் பெரட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அதைப் பார்த்து யார் யாருக்குப் புழு என்று டாக்டர் சொல்வார், புழு இருக்கிறவர்களுக்கு மட்டும் மருந்து. அந்த ஒரு வாரம் தோட்டத்தில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. டப்பாவைக் கொடுத்தால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று சிலர் ஒளித்து வைத்தார்கள். ஒரு லயமே சேர்ந்து ஒருத்தனிடம் வாங்கிப் பத்து டப்பாவையும் நிரப்பியது. ஒரு கிழவன் மாட்டுச் சாணத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டான். டாக்டர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இந்த ஆள் மலையில கொழுந்து எடுக்கிறதா, மேயிறதா?" என்று கேட்டார். எல்லாரையும் போல நானும் சிரித்தேன்.

நம் காம்பராவுக்கு மூன்று டப்பா வந்தது. எனக்கொன்று, உன் அம்மாவுக்கொன்று, பதுளைப் பள்ளிக்கூடத்திலிருந்து லீவுக்கு வந்திருந்த உனக்கொன்று. புழு இருக்கிறவர்களை ஆஸ்பத்திரி முற்றத்தில் வரிசையாக வாளி போட்டு உட்கார வைக்கப்போகிறார்கள், பெயரைக் கூப்பிட்டுப் புழுவை எண்ணப்போகிறார்கள் என்று பேச்சு. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் துரையிடம் நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன், என் ஆட்களில் அசுத்தக்காரர் யாரும் இல்லையென்று. எனக்குப் பயமில்லை, செருப்புப் போட்டு நடக்கிறவன், கல் மாதிரி உடம்பு. நீ பள்ளிக்கூடத்தில் சப்பாத்துப் போட்டுக் கொழுகொழுவென்று இருந்தாய். பயமெல்லாம் ஒரு டப்பாவைப் பற்றித்தான்.

உன் கல்யாணப் பந்தியில் உன் சிநேகிதர்களுக்கு நீ ஒரு கதை சொன்னாய். பத்து வயசில் உன் அப்பா உன்னிடம் இரண்டு டப்பாவைக் கொடுத்து, இரண்டையும் நீயே நிரப்பிக்கொண்டு வா என்று அனுப்பினார் என்று. "எங்கப்பாவுக்காக அந்த வயசிலேயே உழைச்சவன் நான்" என்று சொன்னாய். இலையில் கை வைத்துக்கொண்டே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்குப் புரையேறியது. செல்லாயிதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். இத்தனை வருஷமாக இரண்டாவது டப்பா என்னுடையது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பெயர் எழுதின காகிதம் டப்பாவின் மூடியில்தான் ஒட்டியிருந்தது. உனக்கு வாசிக்கத் தெரியும் என்பதால் மூடிகளை நான் கையில் வைத்துக்கொண்டு வெறும் டப்பாவை மட்டும் உன்னிடம் கொடுத்தேன். அது என்னுடையது இல்லை தம்பி. அது உன் அம்மாவுடையது. அவள் நிரப்பிக் கொடுத்ததை நான் கானில் கொட்டிக் கழுவியிருந்தேன்.

இந்த இடத்தில் நீ எழுந்து வெளியே போவாய் என்று நினைக்கிறேன். போய்விட்டு வா. திரும்பி வந்து மிச்சத்தை வாசி. ஒன்றை மட்டும் நெஞ்சில் ஏற்றிக்கொள்ளாதே. நீ பத்து வயசுப் பிள்ளை, அப்பா சொன்னதைச் செய்தாய். அதில் உனக்கு ஒரு துளிப் பங்கு கிடையாது. இருக்கிற பங்கு முழுக்க எனக்கே வேண்டியிருக்கிறது, பகிர்ந்துகொடுக்க மிச்சமில்லை.

மூன்றாம் நாள் பெரட்டில் பெயர் வாசித்தார்கள். தோட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்குமேல் புழு. கல் மாதிரி உடம்பு என்றேனே, எனக்கும் புழு. உனக்கு இல்லை. உன் அம்மாவுக்கும் இல்லை என்று வாசித்தார்கள். ஆக, என் ஆட்களோடு ஆட்களாக நானும் வாளியில் உட்கார்ந்தேன். எதற்குப் பயந்து அவ்வளவும் செய்தேனோ அது எனக்கே வந்து சேர்ந்தது, அது எத்தனை நேரம் நீடித்தது தெரியுமா? ஒரு பகல். சர்க்கரையில் எண்ணெய் மருந்தை விட்டுக் கொடுத்தார்கள், பிறகு பேதிக்கு உப்பு. காதுக்குள் வண்டு கத்துகிற மாதிரி இருந்தது, தலை சுற்றியது. சாயங்காலம் வெள்ளைப் பீங்கானில் அலசிக் காட்டினார்கள். நூல் துண்டு துண்டாய், நுனியில் வளைந்து கிடந்தது. "கங்காணிக்கு நம்மளவிடக் கம்மிதான்" என்று ஒருவன் சொன்னான், எல்லாரும் சிரித்தோம், முடிந்துபோயிற்று. அந்த வருஷம் என் ஆட்கள் என்னிடம் முன்னைவிட நன்றாகத்தான் பேசினார்கள்.

இன்னொரு சந்தர்ப்பமும் எனக்குக் கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும். பத்து நாள் கழித்து டிஸ்பென்சர் ஐயா லயத்துக்கு வந்தார். உன் அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குந்தி, அவள் கண்ணின் கீழ் இமையைப் பெருவிரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டியது காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து, "ஒடம்புல ரத்தமே இல்ல கங்காணி. எனக்கு இது புழுவாத்தான் தோணுது. ஆனா டப்பாவுல ஒண்ணுமே இல்லன்னு டாக்டர் எழுதிட்டுப் போயிட்டாரே. டப்பா சரியாத்தான் குடுத்தீங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். ஒரே சொல். இல்லைங்க என்பதும் ஒரு சொல்தான். அதைச் சொல்லியிருந்தால் துரைக்குத் தெரியும், கங்காணியே பொய் சொன்னான் என்று தோட்டம் பேசும், பெரிய கங்காணி என் ஆட்களை வேறு ஒருவனுக்குக் கொடுப்பார். இதெல்லாம் ஒரு கண் இமைக்கிற நேரத்தில் மனசுக்குள் ஓடியது. ஐயா பெருமூச்சு விட்டுவிட்டு, நல்ல சாப்பாடு கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவள் மலைக்குப் போகவில்லை. கால் வீங்கியது, வயிறு வீங்கியது. என்னோடு மருந்து குடித்த பெண்களெல்லாம் இரண்டு மூன்று மாதத்தில் முகம் தெளிந்து பீலிக்கரையில் சத்தமாகப் பேசிச் சிரிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தம் நம் காம்பராவுக்குக் கேட்கும். ஒரு நாள் அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஏங்க, எல்லாருக்கும் இருந்துச்சு. ஒங்களுக்கே இருந்துச்சு. எனக்கு மட்டும் எப்படிங்க இல்லாமப் போச்சு?" மீனைப் பார்த்துக் கேட்ட அதே குரல். தெரியாமல்தான் கேட்டாளா, தெரிந்து கேட்டாளா என்று இன்றைக்குவரைக்கும் எனக்குத் தெரியாது. நான் சொன்னேன், "நீ சுத்தமானவ, அதான்." அவளுக்கு அது பெருமையாக இருந்தது. சிரித்தாள் தம்பி. வெளுத்த உதட்டோடு சிரித்தாள்.

பங்குனியில் போய்விட்டாள். பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பி உன்னைக் கூட்டிவரச் செய்தேன், காய்ச்சல் என்று சொன்னேன். பன்னிரண்டு வருஷமாக அது காய்ச்சலாகவே இருக்கிறது. சொல்ல வேண்டும் என்று நினைக்காத வருஷமில்லை. நீ படித்து முடிக்கட்டும் என்று தள்ளினேன், பிறகு வேலை கிடைக்கட்டும், பிறகு கல்யாணம் ஆகட்டும். கங்காணி வேலையை விட்டுப் பதுளைக்கு வந்து இந்த அறையில் ஒண்டிக்கொண்டதும் வயோதிகத்தினால் என்றுதான் உன்னிடம் சொன்னேன். அதுவும் பொய். காலையில் பெரட்டில் நின்று யாரையும் சோம்பேறி என்று கூப்பிட என் வாய் வரவில்லை. கூப்பிடாத கங்காணியை யார் வைத்துக்கொள்வார்கள்?

இப்போது செல்லாயிக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வெலிமடைக்குப் போகாதே. தெமோதரையில் ரயிலேறிப் பதுளைக்குக் கூட்டிக்கொண்டு வா. ஸ்டேஷனுக்கு அவளை நடத்திக் கூட்டி வராதே, வண்டி வை. அவளுக்குச் சப்பாத்து இல்லையென்றால் உன் பழையதைத் துணி சுற்றிப் போட்டு விடு, யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் சொல்லு, எத்தனை மாதமாகத் தின்கிறாள், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எதையும் மழுப்பாதே. அந்த மருந்து பொல்லாதது, உடம்பில் தெம்பில்லாதவர்களுக்கு ஒரேயடியாகக் கொடுக்க மாட்டார்கள், முதலில் படுக்க வைத்துத் தேற்றுவார்கள். பிறகு இரத்தம் ஊற இரும்பு மருந்து மாதக்கணக்கில் குடிக்க வேண்டும். உனக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ திரும்பிப் போ. நான் இருக்கிறேன். வாசலில் உட்கார்ந்திருப்பேன், கஞ்சி வைத்துக்கொண்டு போவேன், வாளி கழுவ ஆள் இல்லையென்றால் அதையும் செய்வேன். அடுப்பு மண்ணை அதுவரை அவள் தின்றால் தின்னட்டும், கையைத் தட்டாதே. அவளைத் திட்டுவது அந்தப் புழுவுக்குக் கேட்காது.

உன் வேலையைப் பற்றியும் ஒன்று. நீ பெயர் எழுதுகிறவன். காலையில் யாராவது பின்தங்கி வந்தால், மூச்சு வாங்கினால், அரைப்பேர் என்று எழுதுவதற்கு முன்னால் அந்த ஆளைக் கிட்டக் கூப்பிட்டுக் கண்ணின் கீழ் இமையைப் பார். பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? உன் தோட்டத்தில் லயத்துக்குக் கக்கூஸ் கட்டித் தரச் சொல்லித் துரையிடம் கேள். முதல் தடவை கத்துவார். மறுபடி கேள். நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றிய வயதில் கேட்க எனக்கு உத்தியோகம் இல்லை.

மன்னித்துவிடு என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம். மன்னிக்க வேண்டியது நீ இல்லை, உன் அம்மா. அவள் இல்லாமல் அதை யாரிடம் வாங்குவது? என்மேல் கோபம் வந்தால் வரட்டும், பேசாமல் இருந்தால் இரு, ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போ, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். செல்லாயி மட்டும் உன்னோடு வந்திருந்தால் போதும். நாளைக் காலையில் நானாவின் கடைப் பையனிடம் கொடுத்தால் தபாலில் சேர்த்துவிடுவான், சனிக்கிழமைக்குள் உன் கைக்கு வந்துவிடும். மழை விட்டபாடில்லை, எனக்கும் எழுதி எழுதி அலுத்துவிட்டது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். செல்லாயிக்கு வாசிக்கத் தெரியாது. இந்தக் கடிதத்தை நீ அவளுக்கு வாசித்துக் காட்டு. சுருக்கிச் சொல்லாதே, என்னைப் பற்றி எழுதின இடங்களைத் தாண்டிப் போகாதே, வேப்பெண்ணெயைப் பற்றி எழுதினதையும், ஆமாங்க என்று நான் சொன்னதையும் அப்படியே வாசி. எந்த மாதிரி வீட்டுக்குள் வந்திருக்கிறாள் என்று அவள் தெரிந்துகொள்ளட்டும். தெரிந்த பிறகு, உன்னோடு ரயிலேறுவதா, தாய்வீட்டுக்கே போய் அங்கே மருந்து தேடிக்கொள்வதா என்று அவளே சொல்லட்டும். எங்கே போனாலும், உடம்புக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரிந்து போகட்டும். உன் அம்மாவுக்கு நான் சொல்லாமல் விட்டதை, அவளுக்காவது நீ சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா